உஷார்! அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

வைவா முடித்து டாக்டர் பட்டத்தோடும், எம்.இ. முடித்த கையோடும் கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, அடுத்த இன்டர்வியூவுக்குப் புறப்படும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஒரிஜினல்ஸ் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா? ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டு நாளைக்கே ஜாயின் பண்ணிடுங்க" என்று யாராவது சொன்னால், கொடுக்காதீர்கள். அந்த வேலை போனாலும் பரவாயில்லை.

தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இது எழுதப்படாத நடைமுறை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் கடைசிப் பட்டம் வரை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் மூன்று மாதம் சம்பளம் நின்றாலும் உங்களால் வெளியேற முடியாது. வேறு இடத்தில் ஆர்டர் வாங்கிக்கொண்டு போய் நின்றால், "செமஸ்டர் முடியட்டும்", "இத்தனை மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டு", "பதிலுக்கு ஓர் ஆளைக் கொண்டுவா" என்பார்கள். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தும் அசல் கையில் இல்லாமல் தவிப்பவர்களின் நிலையைச் சொல்லி மாளாது. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇயும் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அண்ணா பல்கலைக்கழகமும் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கின்றன. அசலை உங்கள் கண்ணெதிரே நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும். அதற்கு மேல் அவர்களுக்கு உரிமை இல்லை.

ஏன் இந்தச் சான்றிதழ் வெறி? பொறியியல் கல்லூரிகளில் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது ஏஐசிடிஇ கணக்கு. ஆண்டுதோறும் இணைப்பு அங்கீகாரம் புதுப்பிக்கும் பருவத்தில் அந்த எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும். பாடம் நடத்தும் ஆளைவிட, காட்டுவதற்கு ஒரு பெயரும் ஒரு பட்டமும் பல நிர்வாகங்களுக்கு அப்போது அவசரத் தேவை. ஒரே நபரைப் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டியிருப்பதாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு வெளியிட்டது. 350-க்கும் மேற்பட்டோர், 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள்! அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று.

இதில் புதிதாகப் படித்து முடித்தவருக்கு இரண்டு கண்ணிகள். முதலாவது, "வகுப்புக்கு வர வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷன் அன்று வந்து நின்றால் போதும், ஒரு தொகை தருகிறோம்" என்ற தூண்டில். கையில் காசில்லாத நேரத்தில் அது உதவி போலத் தெரியும். நாளை பட்டியல் வெளியே வரும்போது அதில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து. இரண்டாவது இன்னும் மோசம். நீங்கள் வேலை கேட்டுக் கொடுத்த நகல்கள், ஆதார், பான் எண், போட்டோ எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன. நீங்கள் சேராத கல்லூரியிலும் நீங்கள் ஆசிரியராக இருக்கலாம்! எனவே கொடுக்கும் ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் கல்லூரியின் பெயர், தேதி, 'நேர்காணலுக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கல்லூரிகளின் இணையதளங்களில் ஆசிரியர் பட்டியல் இருக்கும்; விண்ணப்பித்த இடங்களில் சில மாதங்கள் கழித்து உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சம்பளத்திலும் கவனம். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் 'கன்சாலிடேட்டட்' என்று சொல்லி அதில் ஒரு பகுதிதான் தருகிறார்கள். சில இடங்களில் முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, உங்கள் ஏடிஎம் கார்டையோ கையெழுத்திட்ட காசோலைகளையோ வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுகிறார்கள். வராத பணத்துக்கும் வருமான வரிக் கணக்கில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கார்டைக் கேட்கும் இடத்தில் சேராதீர்கள்.

பணம் கேட்கும் தரகர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கியதாகக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரையே 2018 பிப்ரவரியில் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்ததை நாடே பார்த்தது. அரசு உதவிபெறும் கல்லூரியில் இடம் வாங்க வீட்டை அடமானம் வைக்கும் பெற்றோருக்கு ஒன்று: நிர்வாகம் ஆர்டர் கொடுத்தாலும், கல்லூரிக் கல்வித் துறையின் ஒப்புதல் வராமல் அரசுச் சம்பளம் வராது. கொடுத்த லட்சங்களுக்கு ரசீதும் கிடையாது.

பிஎச்.டி. முடித்தும் நெட், செட் தேறாதவர்கள் இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள். பிஎச்.டி.யைக் காட்டி நெட், செட்டிலிருந்து விலக்குப் பெற, அந்தப் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிமுறைப்படி பெறப்பட்டது என்று பல்கலைக்கழகத்தின் சான்று வேண்டும். வழிகாட்டியும் அலுவலகமும் பக்கத்தில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். ஓய்வுபெற்ற வழிகாட்டியைத் தேடி அலைவது பெரும்பாடு.

ஏற்கெனவே அசலைக் கொடுத்துவிட்டீர்களா? உடனே, இன்றைக்கே, திருப்பித் தரும்படி கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று வரிசையாகக் குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை போட்டுத் தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், பொறியியல் கல்லூரியானால் ஏஐசிடிஇக்கும், கலை அறிவியல் கல்லூரியானால் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் புகார் கொடுங்கள். அங்கே இதேபோல் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.