13792 (எண்)

13792 (பதின்மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு) என்பது 13791-க்கும் 13793-க்கும் இடையில் அமைந்த இயல் எண் ஆகும். பதினாறு அல்லது அதனினும் குறைந்த நான்மடிகளின் கூட்டுத்தொகையாக எழுத இயலாத எண்களுள் இதுவே மிகப் பெரியது. ஓர் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கக் கிடைப்பது அதன் நான்மடி எனப்படும்: 1, 16, 81, 256, 625...

வேரிங் சிக்கல்

எந்த இயல் எண்ணையும் 4 வர்க்கங்களின், அல்லது 9 கனங்களின், அல்லது 19 நான்மடிகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1770-இல் எட்வர்டு வேரிங் நிறுவலின்றிக் கூறினார். 19-க்குக் குறைந்தால் போதாது என்பதை 79 காட்டும். 81 அதனினும் பெரிது. ஆகவே நான்கு 16-களும் பதினைந்து 1-களும் வேண்டும்.

19 எப்போதும் போதுமானது என்று காட்டுவதே கடினம். மிகப் பெரிய எண்கள் அனைத்துக்கும் அது போதும் என 1940-இல் எப். சி. அவ்லக் நிறுவினார். ஆனால் அவர் தந்த எல்லையில் 1-ஐத் தொடரும் சுழியங்களின் எண்ணிக்கையே 89 இலக்கங்கள் கொண்டது. எஞ்சியவை முடிவுள்ளவையே எனினும், எந்தக் கணினியாலும் சரிபார்க்க இயலாதவை. 1986-இல் ஆர். பாலசுப்பிரமணியன், பிரான்சைச் சேர்ந்த டெசூலியேர், டிரெஸ் ஆகிய மூவரும் இவ்வெல்லையை 10³⁶⁷ வரை இறக்கி, கீழுள்ளவற்றைக் கணினியின் துணையுடன் முடித்தனர். பாலசுப்பிரமணியன் பின்னர் தென்சென்னையின் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஐந்தாம் அடுக்குக்கு 1964-இலும், ஆறாம் அடுக்குக்கு (73) எஸ். எஸ். பிள்ளையால் 1940-களிலேயும் விடை கிடைத்திருக்க, நான்காம் அடுக்கே கடைசியாகத் தீர்ந்தது வியப்புக்குரியது.

13792 ஏன் பதினாறில் அடங்குவதில்லை?

நான்மடியை 16-ஆல் வகுத்தால், இரட்டை எண்ணுக்கு மீதி 0. ஒற்றை எண்ணுக்கு மீதி 1. 13792 = 16 × 862. எனவே பதினாறு உறுப்புகளும் ஒற்றையாக, அல்லது அனைத்தும் இரட்டையாகவே இருக்க வேண்டும். ஒற்றையாயின் 1, 81, 625, 2401, 6561 ஆகியவை மட்டுமே பயன்படும். இவற்றில் பதினாறைக் கூட்டி 13792 பெற வழியில்லை. இரட்டையாயின் 16-ஆல் வகுத்து, 862-ஐப் பதினாறு நான்மடிகளாகப் பிரிக்கலாம் என்றாகும். ஆனால் 862-க்குக் குறைந்தது 17 தேவை:

862 = 3 × 256 + 81 + 13 × 1

இதை 16-ஆல் பெருக்க, 13792 = 3 × 8⁴ + 6⁴ + 13 × 2⁴.

கடைசி எண் என்பதற்கான நிறுவல்

13793 முதல் 10²⁴⁵ வரை எல்லா எண்களுக்கும் பதினாறு நான்மடிகள் போதும் என 2000-இல் டெசூலியேர், எனெகார், லாண்ட்ரோ ஆகியோர் காட்டினர். 10²¹⁶-க்கு மேற்பட்ட, 16-ஆல் வகுபடாத எண்களுக்கும் அவ்வாறே என டெசூலியேர், கவாடா, ஊலி ஆகியோர் 2005-இல் நிறுவினர். 16-ஆல் வகுபடும் பெரிய எண்களை வகுத்துக்கொண்டே வந்தால் இவ்விரு முடிவுகளில் ஒன்றில் சேரும். இவ்வாறு பதினாறில் அடங்காத எண்கள் மொத்தம் 96 மட்டுமே. 19 தேவைப்படுபவை ஏழு: 79, 159, 239, 319, 399, 479, 559.

பதினாறைப் பதினைந்தாகக் குறைக்க இயலாது. 31, 31 × 16, 31 × 16² என முடிவின்றிச் செல்லும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் பதினாறு நான்மடிகள் தேவை.