அப்பாவுக்கு ஒரு கதவு எண்

“ஒரு கோலிக்குண்டு எடுத்து நடுவுல வை” என்றார் அப்பா. மன்னார்குடியில் அப்போது காலை ஆறரை. இங்கே சான் ஹோசேயில் முந்தின நாள் மாலை ஆறு. வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜில், ஒரு கையில் போனும் மறு கையில் மகனுடைய கண்ணாடிக் குண்டுமாக நின்றிருந்தேன். தரையில் வைத்தேன். ஒரு கணம் யோசித்துவிட்டு அது பெரிய கதவை நோக்கி உருள ஆரம்பித்தது.

“பாத்தியா, வாட்டம் விட்டுத்தான் போட்டிருக்கான். நனைஞ்ச கார்லேருந்து சொட்டுற தண்ணி வெளிய ஓடணும்ல. அது காருக்குப் போட்ட தரைம்மா, ஆளுக்குப் போட்டது இல்ல.”

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. அடுத்த பதினான்கு மாதம் நான் செய்த எல்லா வேலையும் அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

எங்களுடையது 1948-இல் கட்டிய வீடு. படுக்கையறை இரண்டு, வாசலில் நான்கு படி. அதற்கு முன் அம்மாவும் அப்பாவும் இரண்டு முறை வந்து தங்கியபோது ஹாலில்தான் படுத்தார்கள். ஐந்து மணிக்கே எழுந்து, நாங்கள் வருவதற்குள் பாயும் போர்வையும் மடித்து வைத்துவிடுவாள் அம்மா. பகலில் அந்த இடத்தைப் பார்த்தால் யாரும் படுத்த சுவடே இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். பெற்ற மகள் வீட்டில் ஒருத்தி ஏன் தன் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? பிறகு அவளுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. நிரந்தரமாக வருவது என்று முடிவானபோது, படி இல்லாத, தனி வாசல் உள்ள ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கொல்லையில் இருபதுக்கு இருபது அடியில், உடைந்த சைக்கிளையும் காலி அட்டைப்பெட்டியையும் காத்துக்கொண்டு அந்தக் கராஜ் நின்றிருந்தது.

கலிபோர்னியாவில் இப்படி ஒரே மனையில் எழும் இரண்டாவது சிறு வீட்டை ஏ.டி.யூ. என்பார்கள். முன்பு பல ஊர்களில், கராஜை அறையாக்கினால் காருக்கு அதே மனையில் வேறு இடம் காட்டு என்பார்கள். சின்ன மனைக்காரர்களின் ஆசை அந்த ஒரு நிபந்தனையிலேயே முடிந்துபோகும். 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மாநிலச் சட்டங்கள் அதை எடுத்துவிட்டன. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை மாற்றும்போது எல்லையிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்ல முடியாது. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 750 சதுர அடிக்குக் குறைந்தால் வளர்ச்சிக் கட்டணமும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் துணிந்ததற்கு இந்தச் சட்டங்கள்தான் காரணம்.

இந்தப் பக்கத்தில் கராஜ் என்றாலே பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூ 367-ஆம் எண் வீட்டின் பின்னால் இருக்கும் கராஜைத்தான் சொல்வார்கள். 1938-இல் பில் ஹ்யூலெட்டும் டேவ் பேக்கார்டும், பின்னால் ஹ்யூலெட்-பேக்கார்ட் நிறுவனமாக வளர்ந்த வேலையைத் தொடங்கிய இடம். அப்பா வந்த பிறகு அழைத்துப் போய்த் தெருவில் நின்று காட்டினேன். பேக்கார்டும் அவர் மனைவியும் குடியிருந்தது முன்னால் உள்ள வீட்டில். ஹ்யூலெட் படுத்தது பின்னால் ஒரு சிறு கொட்டகையில். கராஜில் வேலை நடந்தது, யாரும் குடியிருக்கவில்லை. “பாத்தியா, அங்க யாரும் தூங்கல” என்றார் அப்பா, தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்த திருப்தியோடு.

தரைக்கு வருகிறேன். கராஜ் தரையில் பொதுவாக அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலமாவது வாட்டம் இருக்கும். இருபது அடிக்கு அது இரண்டரை அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன்மேல் அலமாரி வைத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை ஓதம். அப்பா சொன்னபடி ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, தரையில் ஒரு நாள் விட்டேன். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர். மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. நாற்பதுகளில் கராஜ் கட்டியவர்கள் தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்கவில்லை. இந்தத் தரைமேல் நேராகக் கம்பளமோ மரமோ ஒட்டினால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். எனவே கனமான பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் கெட்டி நுரைப்பலகை, வாட்டத்தை ஈடுகட்ட ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சீவிய மரச்சட்டங்கள், மேலே பிளைவுட், அதற்கும் மேலே நடக்கும் தரை. ஒவ்வொரு சட்டத்துக்கும் ரசமட்டம் வைத்துப் படம் எடுத்து மன்னார்குடிக்கு அனுப்பினேன்.

சுவரின் உள்பக்கம் பூச்சே இல்லாமல் மரச்சட்டம் அப்படியே தெரிந்தது. அது நல்லதாகப் போயிற்று. கீழே கான்கிரீட்டைத் தொட்டு ஓடும் அடிக்கட்டையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். வடக்குச் சுவரில் ஆறடி நீளத்துக்கு அது கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. கரையான். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மருந்தேற்றிய மரம் வைத்து, அஸ்திவாரத்தில் போல்ட் இறக்கினோம். இது நிலநடுக்க பூமி. 1989 அக்டோபர் 17-இல் 6.9 அளவில் குலுங்கியதை இங்கே பழைய ஆட்கள் இன்னும் தேதியோடு சொல்வார்கள். கராஜின் பலவீனமே அதன் பெரிய கதவுதான். ஒரு பக்கச் சுவரே இல்லாத பெட்டி பக்கவாட்டில் ஆடினால் சாயும். கதவை எடுத்து அந்த இடத்தைச் சுவராக அடைத்தபோது, அதற்கடியில் அஸ்திவாரம் இல்லை என்பது தெரிந்தது. கார் ஏறி இறங்கும் இடத்தில் யார் அஸ்திவாரம் போட்டிருப்பார்கள்? தளத்தை அறுத்து, தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். அந்தச் செலவு என் முதல் கணக்கில் இல்லை. உங்கள் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

எனக்குத் தூக்கம் போனது கழிவுநீர்க் குழாயால். குழாய் நீரோட்டத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். எங்கள் கராஜிலிருந்து வீட்டின் கழிவுக் குழாயைப் பிடிக்க 60 அடி. அதாவது போய்ச் சேரும் இடத்தில் குழாய் 15 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வீட்டுக் குழாய் அந்த ஆழத்தில் இல்லாவிட்டால் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். அது ஒரு நாள் நின்றால் இரண்டு வயதானவர்கள் என்ன செய்வார்கள்? தோண்டிப் பார்த்தோம். 22 அங்குலம் இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, “ஏழு அங்குலம் மிச்சம்” என்று கணக்குப் போட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் வெகுநாள் கேட்டிருக்கவில்லை.

ஒரு கான்ட்ராக்டர் ஆரம்பத்திலேயே வந்து, பர்மிட் எதற்கு, ஆறு வாரத்தில் முடித்துத் தருகிறேன், வெளியே யாருக்கும் தெரியாது என்றார். நான் மறுத்தேன். என் அம்மா அப்பா தூங்கும் அறையில் தீப்பிடித்தால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்பதை அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. சட்டம் கேட்கிறது. படுக்கும் அறையில் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் திறக்க வேண்டும்: அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் 24, ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த அகல உயரம் மட்டும் போதாது, திறப்பின் மொத்தப் பரப்புக்கும் தனி அளவு உண்டு. எல்லையிலிருந்து மூன்றடிக்குள் உள்ள சுவரில் ஜன்னலே கூடாது. பக்கத்து வீட்டுத் தீ அந்த வழியாகத்தான் தாவும். கிழக்குச் சுவர் எல்லைக்கு இரண்டடியில் நின்றதால் காலை வெயில் அம்மாவுக்கு இல்லாமல் போனது. வருத்தம்தான். அந்தச் சுவரை ஒரு மணி நேரம் தீ தாங்கும்படி கட்டினோம். தெற்கில் பெரிய ஜன்னல் வைத்தோம்.

ஜிப்சம் பலகை அடித்துச் சுவரை மூடும் முன் இன்ஸ்பெக்டர் வந்து குழாய், ஒயர், சட்டம் எல்லாம் பார்ப்பார். அதற்கு முந்தின நாள் நீங்களும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்கவும் அந்தப் படம் வேண்டும். இன்னொன்று: குளியலறைச் சுவருக்குள், கைப்பிடி வரப்போகும் இடங்களில் கனமான கட்டைகளைக் குறுக்கே வைத்து அடிக்கச் சொன்னேன். பலகையில் மட்டும் திருகிய கைப்பிடி, வழுக்கி விழும் ஆளின் எடையைத் தாங்காது. கட்டைக்கு ஆன செலவு நாற்பது டாலருக்கும் கீழே. இந்த வீட்டில் நான் செலவழித்ததில் எனக்கு மிகப் பிடித்த பணம் அதுதான். குளிக்கும் இடத்துக்கு வரம்பும் கிடையாது, தரையோடு தரையாக வாட்டம் மட்டும்.

மற்றதெல்லாம் சுலபம். சுவரிலும் கூரையிலும் கம்பளிபோல் திணித்த கனிமப் பஞ்சு, குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே ஹீட் பம்ப், வீட்டின் மின்பலகையை 100 ஆம்பியரிலிருந்து 200-க்கு ஏற்றியது. மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலர் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் தரைக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

தனி முகவரி கொடுத்தார்கள். எங்கள் எண்ணோடு ஒரு ‘பி’. அப்பா வந்த வாரமே ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புநர் இடத்தில் அந்த எண்ணை நிறுத்தி நிதானமாக எழுதினார். போனில் பேசினால் போதாதா என்று நான் கேட்கவில்லை.

அம்மா இப்போது பாயை மடிப்பதில்லை. கட்டில் கலைந்தே கிடக்கிறது. ஒரு குறை மட்டும் அவளுக்கு உண்டு. அங்கே கேஸ் இழுக்கவில்லை, இண்டக்‌ஷன் அடுப்புதான். காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் அது சுடவைக்கும். இரும்புத் தோசைக்கல்லுக்கு ஒத்துக்கொண்டது, ஈயச் சொம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தினமும் பதினொரு மணி வாக்கில், புளிக்கரைசல் ஊற்றிய ஈயச் சொம்பை ஒரு துணியில் பிடித்துக்கொண்டு, தன் வாசலைச் சாத்திவிட்டு, கொல்லை வழியாக எங்கள் அடுப்புக்கு வருகிறாள். அந்தப் பக்கம் படி கிடையாது.