அட்டை இருந்தால் மட்டும் போதுமா?

நெசவாளர் வீட்டிலும் சிறு விவசாயியின் வீட்டிலும் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பாவை விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது; தறி நின்றுவிடும். விதைத்தவர் கையிலோ அறுவடை வரையில் காசு புரள்வதில்லை. அந்நாட்களில் இவ்விருவர் வீட்டு அடுப்பும் அணையாதிருப்பதற்கு நியாயவிலைக் கடை அரிசி எத்துணை ஆதாரமாக நிற்கின்றது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும், சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களிலெல்லாம் நாம் ஒன்றைக் காண்கின்றோம். “எங்களுக்குக் கார்டு இருக்கிறது” என்று கூறும் அங்கத்தினர் பலருக்கு அக்கார்டு எவ்வகையைச் சேர்ந்தது, அவ்வகைக்கு எவ்வளவு தானியம் உரியது, தம் குடும்பம் எவ்வகையில் இருக்கத் தகுதியுடையது என்னும் மூன்றும் தெரிவதில்லை. அட்டை இருப்பது ஒன்று. உரிய அட்டை இருப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டினால் மாதந்தோறும் ஒரு குடும்பம் இழக்கும் அரிசி சில படியன்று. அரை மூட்டையாகவும் இருக்கக் கூடும்.

சட்டம் வந்த வழி

1997-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வறுமைக் கோட்டை அளவாகக் கொண்டு ரேஷன் முறையைப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்கும் பொதுவான விநியோகத்தையே தொடர்ந்து கைக்கொண்டது. 2011 ஜூன் முதல் இங்கு அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறிற்று. 2016 நவம்பர் முதல் தமிழ்நாடும் அச்சட்டத்தின்கீழ் வந்தது. பொது விநியோகம் அனைவருக்கும் நீடித்தது; ஆனால் அட்டைகள் முன்னுரிமை பெற்றவை, பெறாதவை என இரண்டாகப் பிரிந்தன.

முன்னுரிமை பெறுவோர் தொகைக்கு வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் கிராமப்புற மக்களில் நூற்றுக்கு 62.55 பேரும், நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 37.79 பேரும், ஆக 3 கோடியே 64 லட்சத்து 70 ஆயிரம் பேர் இவ்வரம்புக்குள் அடங்குவர். இத்தொகை 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. இவ்வரம்பை நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் அதற்குத் திரும்புவோம்.

அட்டையின் வகைகள்

அட்டையின் முகப்பில் வகைக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். ‘பி.எச்.எச்.’ என்றிருந்தால் அது முன்னுரிமை அட்டை. குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் சட்டப்படி உரியது. அக்குறியீட்டுடன் ‘ஏ.ஏ.ஒய்.’ என்றும் இருந்தால் அது அந்தியோதயா அட்டை. குடும்பத்தில் எத்தனை பேராயினும் மாதம் 35 கிலோ உரியது. ‘என்.பி.எச்.எச்.’ என்பது முன்னுரிமையற்ற அரிசி அட்டை. குறைந்தது 12 கிலோவும் மிகுதியாக 20 கிலோவும் கிடைக்கும். இவையன்றி, அரிசி நீங்கலாக ஏனைய பொருள்களைப் பெறும் சர்க்கரை அட்டையும், பொருள் ஏதும் பெறாத அட்டையும் உள்ளன.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வயது வந்தோர் ஏழு பேர் ஒரே அட்டையில் உள்ள நெசவாளர் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். முன்னுரிமை அட்டையாயின் 35 கிலோ வரும். முன்னுரிமையற்றதாயின் 20 கிலோவோடு நின்றுவிடும். மாதம் 15 கிலோ, ஆண்டுக்கு 180 கிலோ வேறுபாடு. மறுபுறம், தனித்து வாழும் கைம்பெண் ஒருவருக்கு அந்தியோதயா அட்டை இருப்பின் 35 கிலோ முழுவதும் உண்டு. ஆகவே, சிறு குடும்பமாய் இருக்கும் ஆதரவற்றோருக்கு அந்தியோதயாவும், பெருங்குடும்பத்தார்க்கு முன்னுரிமையும் பெரும் பயன் தருவன. அந்தியோதயா அட்டைக்குச் சர்க்கரையும் கிலோ 13 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும். ஏனைய அரிசி அட்டைகளுக்கு 25 ரூபாய்.

தகுதி யாருக்கு?

அந்தியோதயா திட்டம் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிற்று. பின்னர் அது விரிவாக்கப்பட்டபொழுது யார் யாரைச் சேர்க்கலாம் என மத்திய சர்க்கார் வகுத்த பட்டியலை நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும். நிலமற்ற விவசாயத் தொழிலாளர், குறு விவசாயிகள், குயவர், தச்சர், கொல்லர் போன்ற கிராமக் கைவினைஞர் என்னும் அப்பட்டியலில் ‘நெசவாளர்’ என்று வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. உறுதியான பிழைப்பு வழியில்லாத கைம்பெண்கள், தீரா நோயாளர், மாற்றுத்திறனாளிகள், அறுபது வயதைக் கடந்தோர் ஆகியோரைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களும் அதில் அடங்கும். தொழிலின் பெயர் பட்டியலில் இருப்பது ஒன்றே அட்டையைப் பெற்றுத் தந்துவிடாது. வறுமையும் விசாரணையில் புலப்பட வேண்டும். எனினும், “நமக்கு இது பொருந்தாது” என்று மனுச் செய்யாமலே இருந்துவிடுதல் தகாது.

முன்னுரிமை அட்டைக்கு யார் தகுதியற்றவர் என்பதைத் தமிழக அரசு 2017-இல் வெளியிட்ட விதிகள் கூறுகின்றன. வருமான வரியோ தொழில் வரியோ செலுத்துவோர், 5 ஏக்கருக்கு மேல் நிலமுடைய விவசாயிகள், சர்க்கார் ஊழியர், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர், குளிரூட்டும் கருவி (ஏ.சி.) பொருத்திய வீட்டார், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளுடன் கான்கிரீட் கூரை வேய்ந்த வீடுடையோர், எல்லா வழிகளிலும் சேர்த்து ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டோர் ஆகியோர் விலக்கப்பட்டவர். தறிக்கூடத்தை உள்ளடக்கிய வீடுடைய நெசவாளர், தொழில் நடக்கும் இடம் எது, குடியிருக்கும் அறை எது என்பதை விசாரணைக்கு வரும் அலுவலரிடம் தெளிவாகக் காட்டுதல் வேண்டும். வருமானத்தைப் பற்றிய ஐயம் எழுந்தால் சங்கத்தின் கூலிப் பதிவேட்டிலிருந்து பெறும் விவரம் துணையாகும். கேட்கும் அங்கத்தினருக்கு அதனைத் தாமதமின்றி எழுதிக் கொடுப்பது சங்கக் காரியதரிசியின் கடமை.

மனுச் செய்யும் முறை

புது அட்டை பெற விழையும் குடும்பம் தனிச் சமையல் நடத்துவதாய் இருத்தல் வேண்டும்; குடும்பத்தாரில் எவர் பெயரும் வேறு அட்டையில் இருத்தலாகாது. மணமான மகனும் மருமகளும் தனிக் குடித்தனம் சென்ற பின்னரும் பெற்றோர் அட்டைகளில் பெயர் நீக்காதிருத்தல் பெருவழக்காய் உள்ளது. முதலில் இருவர் பெயரையும் இரு வீட்டு அட்டைகளிலிருந்தும் நீக்கிக்கொண்ட பின்னரே புதிய மனு செல்லுபடியாகும். மனுவைப் பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ பதியலாம். குடும்பத் தலைவியின் புகைப்படம், அனைவரின் ஆதார் எண், மின் கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். பதிந்ததும் கிடைக்கும் விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுதல் அவசியம். பின்னர் நிலையை அறிய அதுவே சாவி. பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே குடும்பத் தலைவர் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஷரத்து.

அட்டையின் வகையை மாற்றக் கோருவோர் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கடையில் சொல்லி வருவது மனுவாகாது. கடை விற்பனையாளருக்கு வகையை மாற்றும் அதிகாரம் இல்லை. இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. தாலுகாதோறும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் குறைதீர் முகாமில் பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்கு மனுக் கொடுக்கலாம்.

விரல்ரேகைத் தொல்லை

2020 அக்டோபர் முதல் கடைகளில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. இழையையும் கஞ்சியையும் சாயத்தையும் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரலும், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலும் அக்கருவியில் பதிவதில்லை என்ற முறையீட்டை முதிய அங்கத்தினரிடம் நாம் கேட்டிருக்கின்றோம். விரல்ரேகை பதியவில்லை என்பதற்காக எவருக்கும் தானியம் மறுக்கப்படலாகாது என்று மத்திய உணவுத் துறை 2017-இலேயே அறிவுறுத்தியுள்ளது. நடக்க இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் ஒருவரை நியமித்து அங்கீகாரச் சான்று அளிக்கலாம். எழுபது வயதைக் கடந்தோர் வீட்டுக்கே பொருளைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தையும் தமிழக அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கிற்று. முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள ஒவ்வோர் உறுப்பினரும் தம் அடையாளத்தைக் கடையில் பதிந்து உறுதி செய்தல் வேண்டும் என்பதையும் மறவாதிருப்போமாக.

உரியதைக் கொடாது மறுத்தால் 1967 என்னும் எண்ணில் முறையிடலாம். அதனாலும் தீராவிடில் மாவட்டக் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் சட்டத்தால் அமைக்கப்பட்டுள்ளனர். சட்டப்படி உரிய தானியம் வழங்கப்படாவிடில் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கோரவும் இடமுண்டு.

நம் கடமை

மேலே வரம்பைக் குறித்துச் சொன்னோம். முன்னுரிமை இடங்கள் எண்ணி வைத்தவை. அந்தியோதயாவுக்கும் தமிழ்நாட்டில் சுமார் 18 லட்சத்து 65 ஆயிரம் குடும்பங்கள் என்பதே எல்லை. ஆகையால் தகுதியற்றவர் ஒருவர் அவ்விடத்தில் அமர்ந்திருந்தால், தகுதியுடைய ஒருவர் வெளியே நிற்கின்றார். மக்கள் நல்ல நிலைக்கு வந்து வருமானம் உயர்ந்த அங்கத்தினர் தாமாகவே அரிசியை விட்டுக்கொடுக்க வழி உண்டு. இறந்தவர் பெயரை நீக்காமல் அவர் பங்கை வாங்குவதும் அயலாரின் பங்கை வாங்குவதேயாம்.

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. தராசின் இருபுறமும் நிற்பவர் நாமே. கடை அளவில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் சட்டம் இடமளித்துள்ளது. அதில் நெசவாளப் பெண்டிரும் விவசாயப் பெண்டிரும் அமர்தல் நலம். ஆகவே நம் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்ப அட்டையையும் உடன்கொண்டு வருக. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் ஒரு மேசையில் அமர்ந்து, குறியீட்டையும் பெயர்களையும் சரிபார்த்து, திருத்தம் வேண்டுவோர்க்கு அன்றே மனு எழுதிக் கொடுக்கட்டும். அரை நாள் வேலை. அதன் பயன் பல வீட்டுப் பானைகளில் தெரியும்.