உங்களுக்குத் தெரியுமா? வட்டில் ஒரு 4கே, இணையத்தில் ஒரு 4கே

நெட்ஃப்ளிக்ஸ் தன் முதல் படத்தைத் தபாலில்தான் அனுப்பியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் கிளம்பிய அந்த டிவிடி, 'பீட்டில்ஜூஸ்'. பிறகு சிவப்பு உறைகளுக்குப் பேர்போன அந்தச் சேவை 2023 செப்டம்பர் 29 வரை நடந்தது. அதற்குள் 500 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகள் வீடுகளுக்குப் போயிருந்தன.

தபால் சேவை நின்றாலும், படத்தின் தரத்தில் வட்டுக்கு இன்னும் ஒரு மேன்மை உண்டு. புளூ-ரே வட்டின் அட்டையிலும், இணையம் வழியே படம் தரும் ஸ்ட்ரீமிங் செயலியிலும் '4கே' என்றே போட்டிருக்கும். அது திரையில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு மட்டுமே. நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. 4கே புளூ-ரே வட்டு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தர வல்லது. ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்தான். பகல் காட்சிகளில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டு, புகை, மழை என்று வந்தால் தெரிந்துவிடும்: கரிய வானம் பட்டை பட்டையாகப் பிரியும், படச்சுருளின் நுண்மணிகள் மழுங்கிப்போகும். ஒளிப்பதிவாளர் பாடுபட்டு எடுத்த இரவு, அங்கேதான் தொலைகிறது.

ஒலியிலும் அப்படித்தான். புளூ-ரேயில் ஒலிக்கலவையை இழப்பே இல்லாமல் பதிக்க முடியும். ஸ்ட்ரீமிங்கில் அது பெரும்பாலும் சுருங்கித்தான் வருகிறது. நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஒரே படத்தை இரண்டிலும் அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இணையக் கடையில் பணம் கட்டி 'வாங்கும்' படம் பெரும்பாலும் பார்க்கும் உரிமம் மட்டுமே. அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்பதை, கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் தடுத்திருக்கிறது.