பெயர்த்தகடு இழந்த மிதிவண்டி

தலைக்குழாயின் முகப்பிலிருந்த பெயர்த்தகடு உதிர்ந்து, வர்ணமும் மங்கிப்போன ஒரு பழைய ஆங்கிலேய மிதிவண்டியை ஆக்கியவர் யாரென நிர்ணயிக்க முற்படுவோர், மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய இலச்சினையை அதன் உறுப்பொன்றில் கண்ட மாத்திரத்தில், அது பி.எஸ்.ஏ. வண்டியே எனத் தீர்மானித்துவிடலாகாது. ஏனெனில், 1861-இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கி செய்வோர் ஒன்றுகூடி ஸ்தாபித்த அந்நிறுவனம், தன் நுட்பமான உறுப்புகளைப் பிற வண்டித் தயாரிப்பாளர்களுக்கும் தாராளமாக விற்றுவந்தது. பற்சக்கரத்தில் நாரைத் தலைகள் தென்பட்டால் நாட்டிங்ஹாமின் ராலே என்றும், ஆடும் மனித உருவங்களோடு இரட்டைக் குழாய் ஃபோர்க்கும் சேர்ந்திருந்தால் ஹம்பர் என்றும் கொள்வது பெரும்பாலும் பொருந்தும். ஆயினும், 1932-இல் ஹம்பர் மிதிவண்டித் தொழில் ராலேயின் வசமான பின்னரும் அவ்வடையாளங்கள் நீடித்தன. இனி, வண்டியின் காலத்தைப் பொறுத்தவரை, பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்பில் பொறித்த ஆண்டு, சக்கரம் மாற்றப்படாதிருந்தால் மட்டுமே அதற்குச் சாட்சியாகும்.