தபால் விமானம் கடலில் விழுந்தது ஏன்?

பிரிட்டன் நாட்டின் வடக்குப் பகுதிக்கு ஸ்காட்லாந்து என்று பெயர். அதன் தலைநகரம் எடின்பரோ. கடலை ஒட்டிய நகரம் அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி மாலை, சுமார் ஐந்தரை மணி. எடின்பரோ விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய சரக்கு விமானம் புறப்பட்டது. அதில் பயணிகள் யாரும் இல்லை. தபால் மூட்டைகள் இருந்தன. ஒரு தலைமை விமானியும் ஒரு துணை விமானியும் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெல்பாஸ்ட் நகரத்துக்குத் தபாலைக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம்தான்.

விமானம் பெல்பாஸ்ட் போய்ச் சேரவில்லை. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே அதன் இரண்டு இயந்திரங்களும் ஒன்றாக நின்றுவிட்டன. விமானம் கடலில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள்.

ஓர் இயந்திரம் பழுதாவது உண்டு. அதற்காகத்தான் இரண்டு இயந்திரம் வைக்கிறார்கள். ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நின்றன?

இதற்கு விடை வேண்டுமானால் முந்தின இரவுக்குப் போக வேண்டும்.

பனி கொட்டிய இரவு

அந்த விமானத்தின் பெயர் ஷார்ட்ஸ் 360. அதைச் செய்ததும் பெல்பாஸ்ட் நகரத்தில்தான். பார்க்கப் பெட்டி போல இருக்கும். அதனால் விமானக்காரர்கள் அதைக் 'கொட்டகை' என்று கேலியாக அழைப்பார்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இறக்கையின் இரு பக்கமும் ஒவ்வோர் இயந்திரம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெரிய விசிறி சுழலும்.

நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் இந்த விமானம் எடின்பரோ வந்து சேர்ந்தது. விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் மூக்கு காற்று வரும் திசையைப் பார்த்தபடி இருந்தது. காற்று பலமாக வீசியது. பனியும் பெய்தது.

இங்கே பனி என்றால் மார்கழி மாதத்தில் நம் ஊரில் பெய்யும் பனி அல்ல. அது வெறும் நீர்த்துளி. வெயில் வந்தால் போய்விடும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் கொட்டும் பனியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பஞ்சு போல விழும். கூரை, மரம், சாலை எல்லாவற்றையும் மூடிவிடும். எடின்பரோவில் அன்று இரவு பெய்தது அந்தப் பனி. காற்றோடு சேர்ந்ததால் அது நேராகக் கீழே விழவில்லை. பக்கவாட்டில் அடித்தது. எதிரே எந்த ஓட்டை தெரிந்தாலும் அதற்குள் புகுந்தது.

விமான இயந்திரத்தின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. இயந்திரம் காற்றை இழுக்கும் வாய் அது. விமானத்தைப் பனியில் நிறுத்தி வைக்கும்போது அந்த வாயில் ஒரு மூடியைச் செருக வேண்டும். தண்ணீர்ப் பானைக்கு மூடி போடுவது போல எளிய வேலைதான். அன்று இரவு யாரும் மூடி போடவில்லை. அடுத்த மாலை வரை, ஏறக்குறைய 17 மணி நேரம், விமானம் அங்கேயே நின்றது.

உள்ளே என்ன நடந்தது?

அரிக்கேன் விளக்கை எல்லோருக்கும் தெரியும். அதன் அடிப்பக்கத்தில் காற்றுப் போக ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைத்தால் சுடர் அணைந்துவிடும். விமான இயந்திரத்துக்குள்ளும் ஒரு சுடர் விடாமல் எரிகிறது. அதுவும் காற்று இருந்தால்தான் எரியும். அந்தச் சுடரின் சூட்டில் விரிகிற காற்றுதான் விசிறியைச் சுழற்றுகிறது. உள்ளே போகும் காற்று தடுமாறினால் சுடர் அணையும். சுடர் அணைந்தால் இயந்திரம் நிற்கும்.

இந்த விமானத்தில் காற்று வாய் வழியாகப் போய் உள்ளே ஓர் அறையில் நிறையும். அங்கிருந்துதான் இயந்திரத்துக்குப் போகும். இரவெல்லாம் புகுந்த பனி அந்த அறையில் சேர்ந்தது. அந்த இடம் வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது. புறப்படும் முன் விமானிகள் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் பனி எளிதில் தெரியாது.

மாலையில் இயந்திரங்களை ஓடவிட்டார்கள். அதன் பிறகு உள்ளே கிடந்த பனி இடம் பெயர்ந்து கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் மறுபடியும் உறைந்தது. அங்கேதான் பனித் தடுப்புத் தகடு இருக்கிறது.

அது என்ன தகடு? களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துப் பாருங்கள். காற்றில் பதர் பறந்து தள்ளிப் போய் விழும். நெல் கனம் என்பதால் காலடியிலேயே விழும். கனமானது ஒரு வழி, லேசானது ஒரு வழி. இதே முறையைத்தான் இயந்திரம் செய்தவர்களும் பயன்படுத்தினார்கள். குளிர்ந்த மேகத்துக்குள் பறக்கும்போது இந்தத் தகட்டை அசைப்பார்கள். அப்போது உள்ளே வரும் காற்று சட்டென்று வளைந்து போக வேண்டியிருக்கும். காற்று லேசானது. அது வளைந்து இயந்திரத்துக்குப் போகும். பனித்துகள் கனமானது. அதனால் வளைய முடியாது. நேராகப் போய் வெளியே விழுந்துவிடும். மிக நல்ல ஏற்பாடு. பறக்கும்போது வெளியிலிருந்து வரும் பனியை அது தடுக்கும். முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட பனியை என்ன செய்யும்?

இரண்டு சுவிட்சுகள்

விமானம் நன்றாகத்தான் மேலே ஏறியது. சுமார் 2,200 அடி உயரம் வந்தது. பனித் தடுப்பைப் போட வேண்டிய நேரம். இரண்டு இயந்திரங்களுக்கும் இரண்டு சுவிட்சுகள். இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். தகடுகள் அசைந்தன. அங்கே உறைந்து கிடந்த பனியால் காற்று ஓட்டம் குலைந்தது. சில நொடிகளில் இரண்டு சுடர்களும் அணைந்தன.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப் போலக் கீழே விழாது. பருந்து சிறகு அசைக்காமல் இறங்குவது போலச் சரிந்து இறங்கும். ஆனால் 2,200 அடி என்பது பெரிய உயரம் இல்லை. விமானிகளுக்குக் கிடைத்த நேரம் மிகக் கொஞ்சம். ஆபத்து என்று வானொலியில் அறிவித்தார்கள். இரண்டு இயந்திரமும் நின்றதைச் சொன்னார்கள். கீழே இருந்தது போர்த் ஆறு கடலில் கலக்கும் அகன்ற கழிமுகம். கிரான்டன் துறைமுகத்துக்கு அருகில், கரைக்குப் பக்கத்திலேயே விமானம் தண்ணீரில் மோதியது. கரை அவ்வளவு அருகில் இருந்தும் இருவரும் பிழைக்கவில்லை.

எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது?

விபத்தை விசாரிக்க பிரிட்டனில் ஒரு தனி அரசு அமைப்பு உண்டு. யாரைத் தண்டிப்பது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி நடக்காமல் தடுக்க வழி சொல்வதே அதன் வேலை. இந்தியாவிலும் 2012 முதல் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது.

விமானத்தில் கறுப்புப் பெட்டி இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர்தான் கறுப்பு. உண்மையில் அதன் நிறம் ஆரஞ்சு. தேடுகிறவர்கள் கண்ணில் எளிதாகப் பட வேண்டும் அல்லவா? விமானத்தின் உயரம், வேகம், இயந்திரத்தின் பலம் எல்லாம் அதில் பதிவாகும். சுவிட்சுகளைப் போட்ட சில நொடிகளில் இரண்டு இயந்திரங்களின் பலமும் போய்விட்டதைக் கடலிலிருந்து எடுத்த பதிவு காட்டியது. அங்கிருந்து விசாரணை பின்னோக்கிப் போனது. சுவிட்சிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து பனிக்கு, பனியிலிருந்து போடாத மூடிக்கு.

விசாரணை அறிக்கை 2003இல் வெளிவந்தது. பனிக் காலத்தில் மூடி போட வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. விமானத்தைச் செய்த நிறுவனம் அதை எழுதியே கொடுத்திருந்தது. எழுதியிருந்த இடம் பராமரிப்புப் புத்தகம். அது பழுது பார்க்கும் தொழிலாளர்கள் படிக்கும் புத்தகம். நள்ளிரவில் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களோ விமானிகள். மூடியை அவர்கள் எப்படிப் போட வேண்டும் என்று நடைமுறைக்கு ஏற்ற விதி எதையும் விமான நிறுவனம் வகுத்துத் தரவில்லை. விதி இருந்திருந்தாலும் போடுவதற்கு மூடி வேண்டுமே! விமானத்துக்குள் மூடி வைக்கப்படவில்லை. எடின்பரோ நிலையத்திலும் கைக்கு எட்டும்படி மூடி இல்லை.

அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அது சுவிட்சுகளைப் பற்றியது. இரண்டு இயந்திரங்களிலும் ஒரே இரவில் ஒரே பனி புகுந்தது. இரண்டுக்கும் ஒரே ஆபத்து காத்திருந்தது. ஆனாலும் ஒரு வழி மிச்சம் இருந்தது. முதலில் ஒரு சுவிட்சை மட்டும் போட்டிருக்கலாம். அந்த இயந்திரம் நின்றிருக்கும். மற்றது ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ கோளாறு என்று விமானிகளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது சுவிட்சைத் தொடாமல் எடின்பரோவுக்கே திரும்ப முயன்றிருக்கலாம். இந்த வகை விமானம் ஓர் இயந்திரத்தாலும் பறக்கக்கூடியது.

ஆனால் இரண்டு சுவிட்சுகளையும் சேர்த்துப் போடுவதே அப்போது இருந்த முறை. விமானிகள் முறைப்படியே செய்தார்கள்.