ஓடிய தூரமா, மீதமுள்ள ஆண்டா?

சனிக்கிழமை இரவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தாழ்வான கார் ஒன்று உறுமிக்கொண்டு கடக்கும். மேசையில் இருக்கும் இளையர்களின் தலைகள் ஒன்றாகத் திரும்பும். “டொயோட்டா 86” என்பார் ஒருவர். “இல்லை, சுபாரு பிஆர்இசட்” என்பார் இன்னொருவர். அப்பா மட்டும் மீன் தலைக் கறியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அந்தக் கார் புதியதாக இருக்க வாய்ப்பு குறைவு. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். மீட்டரில் 1,80,000 கிலோமீட்டர் காட்டலாம். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து ஆண்டில் கொஞ்சம் சேமித்துவிட்ட நம் பிள்ளைகள் கைப்பேசியில் இரவெல்லாம் புரட்டுவது இத்தகைய கார்களின் விளம்பரங்களைத்தான். அவர்கள் முதலில் கேட்பது, “இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதே, வாங்கலாமா?”

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அது சரியான முதல் கேள்வி. அங்கே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைச் சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிவிடலாம். இயந்திரம் கெட்டால் நட்டமும் அவ்வளவுதான். சிங்கப்பூரில் காரின் விலையில் பெரும்பகுதி இரும்புக்கு அல்ல, காகிதத்துக்கு. அதனால் இங்கே முதல் கேள்வி, சிஓஇ இன்னும் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது, அதற்கு எவ்வளவு கட்டப்பட்டது என்பதுதான். ஓடிய தூரம் அதற்கு அடுத்தது.

வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டில் வந்தது. ஒரு சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் இரண்டே வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது. நாம் பேசும் இரண்டு லிட்டர் விளையாட்டுக் கார்கள் இந்தப் ‘பி’ பிரிவில் வருபவை.

இந்த ஏற்ற இறக்கம் பழைய கார் வாங்குபவரை எங்கே பிடிக்கிறது என்று பார்ப்போம். “விலை 28,000 வெள்ளி மட்டுமே” என்று ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் பதிவாகி ஒன்பதரை ஆண்டு ஆகிறது. இன்னும் ஆறு மாதத்தில் ஒன்று அதன் பதிவை நீக்க வேண்டும், இல்லையென்றால் கடந்த மூன்று மாதச் சிஓஇ கட்டணங்களின் சராசரியைக் கட்டிப் பத்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். பாதித் தொகை கட்டி ஐந்தாண்டுக்கும் புதுப்பிக்கலாம். ஆனால் ஐந்தாண்டு முடிந்தபின் மறுபடியும் புதுப்பிக்க வழியில்லை. பத்தாண்டுக்குள் பதிவை நீக்குபவருக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். புதுப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆக, 28,000 என்பது அந்தக் காரின் விலையல்ல, நுழைவுக் கட்டணம்.

இன்னொரு வகை விளம்பரம் ஏற்கெனவே புதுப்பித்த காரைப் பற்றியது. பெரும்பாலோர் பார்க்கத் தவறுவதும் இதைத்தான். சான்றிதழ் முடியுமுன்பே பதிவை நீக்கினால், மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்பச் சிஓஇ தொகை திரும்பக் கிடைக்கும். அது இன்றைய சிஓஇ விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அந்தக் காருக்கு அன்று எவ்வளவு கட்டினார்களோ, அதை வைத்துத்தான் கணக்கு. ஒரே மாதிரி இரண்டு கார்கள், இரண்டுக்கும் ஐந்தாண்டு மீதம், இரண்டுக்கும் 60,000 வெள்ளி கேட்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்றைப் பத்தாண்டுக்கு 40,000 வெள்ளி கட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள், மற்றதை 110,000 வெள்ளி கட்டி. வாங்கிய மறுநாளே இயந்திரம் உடைந்து பதிவை நீக்க நேர்ந்தால், முதல் காருக்கு ஏறக்குறைய 20,000 வெள்ளி திரும்பும், இரண்டாவதற்கு 55,000. சாலையில் இரண்டையும் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. லாக் கார்டைப் பார்த்தால் தெரியும். சாவியைக் கையில் வாங்குமுன் அதைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கை மாறியது என்பதும் அதில் இருக்கும்.

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சாதாரண முறையில் பதிவுசெய்ய முடியாது. ஆகவே, தீவில் இருக்கும் பழைய விளையாட்டுக் கார்கள்தான் மொத்தச் சரக்கும். நல்ல ஹோண்டா எஸ்2000 ஒன்று விற்பனைக்கு வந்தால் விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது மீட்டருக்கு வருவோம். இங்கே ஒரு கார் ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், பன்னிரண்டு ஆண்டில் இரண்டு லட்சத்தைத் தொடுவது இயல்பு. விரைவுச்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றப்பட்ட கார் அந்தத் தூரத்தில் களைத்துப்போவதில்லை. என்னைக் கேட்டால், பன்னிரண்டு ஆண்டில் 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய காரைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பேன். வாரக் கணக்கில் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்ந்துவிடும், பேட்டரி போகும், டயர் வெடிக்கும். பத்து நிமிடச் சவாரியிலேயே காலம் கழித்த இயந்திரத்தில் எண்ணெய் முழுமையாகச் சூடேறியிருக்காது. நம் ஊரில் பனிக்கு உப்புத் தூவுவதில்லை, அதனால் துரு அவ்வளவாக இல்லை. வெயிலும் ஈரமும் பழிதீர்ப்பது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் குளிர்சாதனத்தையும்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். அதை அப்படியே விட்டு வைத்திருக்கும் உரிமையாளர் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார்!

மீட்டர் எண்ணை மாற்றியிருப்பார்களோ என்ற பயம் நியாயமானது. பட்டறை ரசீதுகளில் தேதியும் தூரமும் வரிசையாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதே இல்லையென்றால் மீட்டரில் இருப்பது வெறும் எண்.

ஒவ்வொரு காருக்கும் அதன் சொந்த வியாதி உண்டு. எஸ்2000 காரின் இரண்டு லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள், எண்ணெய் அளவைக் கவனிக்காத உரிமையாளரைத்தான் அது தாங்காது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 சுழல் இயந்திரம் கொண்டது. எரியும் அறைக்குள் கொஞ்சம் எண்ணெயை அனுப்புவதே அதன் வடிவமைப்பு. சுழல் இயந்திரத்துக்கான தனிக் கருவியால் அழுத்தச் சோதனை செய்யாமல் அதை வாங்குவது சூதாட்டம். 2008க்கு முந்தைய போர்ஷே பாக்ஸ்டரில் உள்ளே ஒரு பேரிங் உண்டு. அது உடைந்தால் இயந்திரமே போய்விடும், ஆகவே மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். டொயோட்டா 86, பிஆர்இசட் கார்களின் தொடக்கக் கால வண்டிகளை வால்வு ஸ்பிரிங் குறைபாட்டுக்காக 2018ல் உலகளவில் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா, யார் முடித்தார்கள் என்பதற்குத் தாள் வேண்டும். எம்எக்ஸ்-5 இவற்றில் எளிமையானது. துணிக்கூரை கிழிந்திருக்கிறதா, மழைநீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

டர்ஃப் சிட்டியில் வரிசையாக இருந்த பழைய கார்க் கடைகள் 2023 முடிவோடு கிளம்பிவிட்டன. இப்போது தேடுபவர்கள் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போகிறார்கள். எங்கே பார்த்தாலும் காரை விற்பவரின் பட்டறையில் சோதிக்காதீர்கள். விக்காம், எஸ்டிஏ போன்ற சோதனை நிலையங்களில் பழைய கார் மதிப்பீட்டுச் சேவை உண்டு. அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இயந்திரம் முழுதும் ஆறியிருக்கும்போது முதல் முறை கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பத்தாண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். புகைக்குழாயை மாற்றியிருந்தால் அது நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்றதாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் வந்த அசல் பாகங்களும் கூடவே வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் இது வணிகரிடம் வாங்கினால் மட்டும்தான். தனிநபரிடம் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமையாளர் சார்பாக விற்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால், ஒப்பந்தத்தில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். பழைய காருக்குரிய தேய்மானத்தைக் குறை என்று வாதாட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். வீட்டில் சண்டை வருவது இங்கேதான். பதின்மூன்று ஆண்டான 86 ஒன்று, ஆறு ஆண்டு மீதம், விலை 65,000 வெள்ளி என்று வைப்போம். ஆறு ஆண்டு முடிந்தபின் கையில் நிற்பது பழைய இரும்பின் விலை. ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 900 வெள்ளி தேய்கிறது. இரண்டு லிட்டர் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி. பத்தாண்டைத் தாண்டியதும் பத்து விழுக்காடு கூடும், பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். அப்போது வரி 1,815 வெள்ளிக்கு வந்துவிடும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110. காப்புறுதியைக் கார் வாங்குமுன்பே விசாரியுங்கள், இளம் ஓட்டுநருக்கும் இத்தகைய காருக்கும் சேர்த்துக் கேட்கும் தொகை சிலரைக் கடையிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறது. பழுதுக்கென்று ஆண்டுக்கு 3,000 வெள்ளியாவது தனியாக வைக்காதவர் இந்தக் காரைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம். பெட்ரோலைச் சேர்க்காமலே மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியைத் தாண்டும்.

கடன் வாங்கினால் இன்னும் கூடும். திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன், அதுவும் ஏழு ஆண்டுக்கு மேல் இல்லை. விளம்பரத்தில் 2.8 விழுக்காடு என்றிருந்தாலும், முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுவதால் உண்மையான வட்டி 5 விழுக்காட்டைத் தாண்டும். பிடிஓ வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். காரின் தவணையும் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். சாவி வாங்க ஓராண்டே இருக்கிறது என்றால், காரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாமா என்று கேட்டால், சிலருக்கு வாங்கலாம். முழுத்தொகையும் கையில் உள்ளவர், வேலைக்கு எம்ஆர்டியில் போகிறவர், கார் பட்டறையில் இரண்டு வாரம் கிடந்தாலும் வாழ்க்கை நிற்காதவர். அவர் தேட வேண்டியது அதிகச் சிஓஇ கட்டிப் புதுப்பித்த, ரசீதுக் கட்டு தடிமனான, 1,70,000 கிலோமீட்டர் ஓடிய கார். மீட்டரைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்குவதால் பேரம் பேசவும் இடம் இருக்கும். அதுவே வீட்டின் ஒரே கார், குழந்தை இருக்கை பூட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாட்டியை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், முதலில் பாட்டியை அந்த இருக்கையில் உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள். எம்எக்ஸ்-5, எஸ்2000, பாக்ஸ்டர் மூன்றிலும் இருக்கை இரண்டே. 86 காரில் பின்னால் இரண்டு உண்டு, அதில் பெரியவர்கள் உட்கார முடியும் என்று அதைச் செய்தவர்களே நம்பியிருப்பார்களா என்று தெரியவில்லை.